ஓர் ஒளியாண்டு தள்ளி

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். பேராசிரியர் மணிவாசகத்திடம் அவருடைய மகன் அஷ்வத் ஒரு பொய்கூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் உண்மையைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டான்.

"அப்பா, அவங்க வீட்டு ஹால்ல ஒரு பெரிய படம் மாட்டியிருக்காங்க. பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"என்ன படம்?"

அஷ்வத் பதில் சொல்லுமுன் காரின் வைப்பரை ஒருமுறை தேவையில்லாமல் போட்டு நிறுத்தினான். "கடவுளோட கண்."

மணிவாசகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு வருடமாக மின்னஞ்சலில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த படம் அது. நீல விழி, சுற்றிலும் சிவந்த இமை. மூவாயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் தெரியும், பார்த்தவர்கள் ஏதாவது வேண்டிக்கொண்டு நாலு பேருக்கு அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருக்கும். அவருக்கும் பலமுறை வந்தது. அனுப்பிய ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்தில் மறுப்பு எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதையும் அனுப்புவதில்லை, பிறந்தநாள் வாழ்த்து உட்பட.

"பாலம் முடியற வரைக்கும் பேசிக்கோங்கப்பா. அந்தப் பக்கம் இறங்கினதும் நிறுத்திடணும்," என்றான் அஷ்வத். புரோசார்டிலிருந்து புறப்பட்ட கார் அப்போதுதான் மொன்றியாலுக்குள் போகும் ஷாம்ப்லேன் பாலத்தில் ஏறியிருந்தது. நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பாலத்தில் நல்ல நெரிசல். மணிவாசகம் அதைத் தன் அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டார்.

"அது கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. அது ஒரு கோள் நெபுலா. கோளுக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. அந்தக் காலத்து டெலஸ்கோப்புல உருண்டையா கோள் மாதிரி தெரிஞ்சுது, பேர் வெச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் மாத்தறதுக்குத் துப்பில்ல. நம்ம சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம், வயசானதும் மேல இருக்கிறதை எல்லாம் உதறிடுது. உதறின வாயு விரிஞ்சு விரிஞ்சு போயிட்டே இருக்கு. நடுவுல மிஞ்சறது பூமி அளவுக்கு ஒரு சின்னப் பொட்டு. ஆனா கொதிக்கிற பொட்டு. அது அடிக்கிற வெளிச்சத்துலதான் சுத்தி இருக்கிற அத்தனையும் கலர் கலரா மின்னுது. உலகமே கலரைப் பாக்குது. நடுவுல இருக்கிற நட்சத்திரத்தை எவன் பாக்கறான்?"

"நீங்க பாக்கறீங்கப்பா."

அது உண்மை. நெபுலாக்களின் நடுநட்சத்திரங்களைத் தவிர வேறு எதையும் முப்பது வருடமாக அவர் ஆராய்ந்ததில்லை. ஊரில் ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பார், மாப்பிள்ளையைப் பார்ப்பார், சாப்பாட்டைப் பார்ப்பார். மணிவாசகம் யாரிடம் என்ன தப்பு என்று பார்ப்பார். போன தடவை அஷ்வத்துக்குப் பெண் பார்க்க டொராண்டோ போயிருந்தபோது, பெண்ணின் மாமா பேச்சுவாக்கில் மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். மூலத்தில் இருக்கும் நட்சத்திரங்களில் ஒன்றுக்கு இன்னொன்றையே தெரியாது, அவற்றுக்கு மாமனாரை எப்படித் தெரியும் என்று மணிவாசகம் ஆரம்பித்தார். காபி ஆறியது, கேசரி ஆறியது, சம்பந்தமும் ஆறிப்போயிற்று.

"அன்னிக்கு நீங்க கெடுத்ததும் நல்லதுதான். இல்லன்னா அனோஜினியைப் பாத்திருக்கவே மாட்டேன். ஆனா இன்னொரு தடவை கெடுத்துடாதீங்க. இவளை விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்பா," என்றான் அஷ்வத். கடைசி வாக்கியத்தில் அவன் குரல் லேசாக உடைந்தது.

"பாலம் முடிஞ்சுது," என்றாள் பின்சீட்டில் மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்திருந்த அவர் மனைவி அம்புஜம்.

மணிவாசகம் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு வெளியே பார்த்தார். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. நடுவில் வெளிச்சப் பொட்டு, சுற்றி மங்கலாக வட்டம். இரண்டு குளிர்காலமாக அப்படித்தான். முதலில் பனி என்றார், பிறகு கண்ணாடியில் அழுக்கு என்றார். கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இப்போது ஒரு வாக்கியமே திரை முழுக்க வந்து நின்றது. பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று சொல்லி காரை மகனிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனார். அவருடைய அப்பாவுக்கு அறுபது வயதில் பார்வை நரம்பு கெட்டு, போன பார்வை கடைசிவரை திரும்பவே இல்லை. தனக்கும் அதுதான் என்று மணிவாசகம் தானாகவே முடிவுகட்டியிருந்தார். ஊரையெல்லாம் திருத்துகிறவர், ஒரு கண் டாக்டர் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

அனோஜினியின் வீடு கார்ட்டியர்வில்லில் ஒரு மாடி வீடு. மொன்றியாலில் படிக்கட்டை வீட்டுக்குள் வைத்தால் இடம் போய்விடும் என்று வெளியே வைத்துவிட்டார்கள். வளைந்து ஏறும் இரும்புப் படி, அதில் மெல்லிய பனி. மணிவாசகம் ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி ஏறினார். மேலே கதவைத் திறந்து பிடித்தபடி அனோஜினியின் தாய் அல்போன்சம்மா நின்றாள். வந்தவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. பாத்து. அந்தக் கடைசிப் படி கொஞ்சம் உயரம்."

உள்ளே அனோஜினியின் தகப்பன் யோசெப் கைகொடுத்தார். இலங்கையில் மன்னார்க்காரர், பள்ளிக்கூட பஸ் சாரதி, மாதா கோவில் பங்குச் சபையில் செயலாளர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த மணிவாசகத்துக்கு எதிரே சுவர். சுவரில் திரு இருதய ஆண்டவர், பக்கத்தில் மடு மாதா, மாதாவுக்குக் கீழே ஒரு சிவப்பு பல்ப், அந்த பல்ப் வெளிச்சத்தில் இரண்டு முழ அகலத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட கடவுளின் கண், மணிவாசகத்தின் ஹீலிக்ஸ் நெபுலா.

"நல்லா இருக்கு," என்றார் மணிவாசகம். அஷ்வத் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அத்தோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். பழக்க தோஷம், ஒரு அடி முன்னால் போய் நடுநட்சத்திரத்தைத் தேடினார்.

காணவில்லை.

இன்னும் ஒரு அடி போனார். மூக்கு கண்ணாடியில் இடித்தது. நீலம் தெரிந்தது, சிவப்பு தெரிந்தது, நடுவில் சுத்தமாக ஒன்றும் இல்லை. முப்பது வருடமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டக்கூடிய நட்சத்திரம். அது படத்தில் இல்லையா, அல்லது இருந்தும் தன் கண்ணுக்குத் தெரியவில்லையா? அப்பா கடைசியாகத் தன் முகத்தைத் தடவிப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார் என்பது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

"டேய்," என்று மகன் காதருகே போனார். "நடுவுல பொட்டு தெரியுதா?"

"அப்பா. ப்ராமிஸ் பண்ணியிருக்கீங்க."

"இல்லடா, தெரியுதா தெரியலையா, அதை மட்டும் சொல்லு."

அம்புஜம் அவர் முழங்கைச் சதையைப் பிடித்து ஒரு திருகு திருகி சோபாவில் உட்காரவைத்தாள்.

அடுத்து நடந்ததை அஷ்வத்தும் அனோஜினியும் முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மணிவாசகத்தின் தலை படத்தின் பக்கம் திரும்பினால் அனோஜினி கையால் அவர் தட்டில் ஒரு மரக்கறி ரோல்ஸ் விழ வேண்டும். அவர் திரும்பினார், விழுந்தது. மறுபடி திரும்பினார், மறுபடி விழுந்தது. பாவம், அந்தப் பிள்ளைக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. தட்டில் ரோல்ஸ் அடுக்கு ஏறிக்கொண்டே போக, யோசெப் வந்த விஷயத்தைத் தொடங்கினார்.

"கலியாணம் கோவிலிலைதான் நடக்க வேணும். அதிலை நாங்கள் கொஞ்சம் பிடிவாதம்."

"சரி," என்றார் மணிவாசகம், படத்தைப் பார்த்துக்கொண்டு.

அம்புஜம் திடுக்கிட்டாள். வீட்டில் மூன்று நாள் விவாதித்து, பாதி கோவில் பாதி ஹால் என்று பேசிவைத்த விஷயம் அது.

"பூசை தமிழிலை. சுவாமி ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வைப்பார்."

"சரி."

"பேந்து ஹோலிலை நீங்கள் தாலி கட்டுற முறையையும் வைக்கலாம், அதிலை எங்களுக்குப் பிரச்சினை இல்லை."

"சரி."

அல்போன்சம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மணிவாசகம் வாங்கி ஒரு வாய் குடித்து, கோப்பையை மேசை விளிம்புக்கு ஒரு விரல் வெளியே வைத்தார். வெறும் காற்றில் வைத்த கோப்பை எத்தனை நேரம் நிற்கும்? கம்பளத்தில் விழுந்து உருண்டது. எல்லோரும் பரவாயில்லை பரவாயில்லை என்றார்கள். அல்போன்சம்மா மட்டும் துணி எடுத்து வந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

யோசெப்புக்கு மனத்தில் முள் தைத்துவிட்டது. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனிதர், பின்சீட்டில் சத்தம் இல்லாவிட்டால்தான் ஏதோ பிழை என்று அவருக்குத் தெரியும்.

"புரொபெசர், நான் மனசிலை வைச்சுக் கதைக்கத் தெரியாதவன்," என்றார். "பெரிய கதைகாரர் எண்டு பிள்ளையள் சொன்னவை. நீங்கள் என்னெண்டால் எல்லாத்துக்கும் சரி எண்டுறியள், எங்கடை முகத்தைப் பாக்கிறியள் இல்லை. இந்தச் சம்பந்தத்திலை உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. என்ரை பிள்ளையைப் பேந்து அழ விடாதேங்கோ."

அனோஜினி கையில் தூக்கிய ரோல்ஸோடு அப்படியே நின்றாள். அஷ்வத்தின் முகம் வெளுத்தது. பேசினால் கெடும் என்று வாயைக் கட்டினான், இப்போது கட்டின வாயே கெடுக்கிறது. அவன் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்: பேசுங்கள், எதையாவது பேசுங்கள்.

மணிவாசகம் எழுந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் எழுந்தார். வந்தது வேறு.

"நடுவுல இருந்த நட்சத்திரம் எங்கே?"

அம்புஜம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எதுவோ?" என்றார் யோசெப்.

"அந்தப் படத்துல. நட்ட நடுவுல. வெள்ளையா ஒரு பொட்டு இருக்கணும். இருக்கா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இருக்கா இல்லையா?"

அவர் குரல் நடுங்கியதைக் கேட்டு எல்லோரும் பயந்தார்கள். அல்போன்சம்மா ஒருத்திதான் துணியை உதறி மடித்துக்கொண்டு சாவகாசமாகப் பதில் சொன்னாள்.

"அதோ? அதை நான் எல்லோ அழிப்பிச்சனான்."

"அழிச்சீங்களா?"

"ஓம். படத்தைப் பெருசா எடுப்பிச்சுப் பாத்தால் கண்மணிக்குள்ளை வெள்ளை வெள்ளையாப் புள்ளி. எனக்குச் சீ எண்டு போச்சுது. ஆண்டவருடைய கண்ணிலை பூ விழுமோ? அந்த நேரம் பாத்து இவருக்கும் ரெண்டு கண்ணிலையும் பூ. பஸ் ஓட வேண்டாம் எண்டு மறிச்சுப்போட்டினம், மனிசன் சாப்பிடாமல் கிடந்தார். நான் படத்தை எங்கடை டெனிஸ்டனிட்டைக் குடுத்தன். அவன் கலியாண அல்பங்களிலை பொம்பிளையளின்ரை பருவெல்லாம் அழிக்கிறவன், இதையும் வடிவா அழிச்சுத் தந்தான். அடுத்த கிழமை இவருக்கு ஒப்பரேசன். இப்ப பாருங்கோ, ஊசியிலை நூல் கோக்கிறார். நான் ஆண்டவருடைய கண்ணைத் துடைச்சன், அவர் இவருடைய கண்ணைத் துடைச்சார்."

முப்பது வருடம் ஆராய்ந்த நட்சத்திரத்தை ஒருத்தி பூ என்று அழித்துவிட்டாள். இப்போது என்ன வெடிக்கப்போகிறதோ என்று அஷ்வத் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மணிவாசகம் சிரித்தார். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இல்லவே இல்ல! அம்புஜம், கேட்டியா? அது அங்க இல்லவே இல்ல!"

"கேட்டேங்க," என்றாள் அம்புஜம், கணவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்ற கவலையோடு.

சந்தோஷம் தலைக்கேறியதில் வாக்குறுதி காற்றில் போயிற்று. பாலத்தில் சொன்னதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். யோசெப் வாய் பிளந்து கேட்டார். அல்போன்சம்மா இடையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அந்தப் பொட்டு இல்லையெண்டால்?"

"எல்லாம் இருட்டும்மா. அதோட வெளிச்சம் படாட்டா அந்த வாயு கொஞ்ச காலத்துல கண்ணுக்கே தெரியாமப் போயிடும்."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ரை மாதாவே. நான் விளக்கை எல்லோ நூத்துப்போட்டு நிக்கிறன். இப்பவே திருப்பி வைக்க வேணும். நீங்களே வையுங்கோ. அவ்வளவு காலமாப் பாத்த ஆள் நீங்கள்தானே."

"பொறும், பொறும்," என்று யோசெப் பதறி எழுந்தார். "என்ரை கண்ணைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கேல்லையோ? அங்கை பூவைத் திருப்பி வைச்சால் இஞ்சை என்ன நடக்கும்?"

இது நியாயமான பயம் என்று அந்த வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் யோசெப்பே வழி சொன்னார். படத்தில் கை வைக்க வேண்டாம், மேலே கண்ணாடியில் வைக்கலாம், ஏதும் பிழைத்தால் சுரண்டிவிடலாம். அனோஜினி தன் மேசையிலிருந்து எழுத்துப் பிழையை அழிக்கிற வெள்ளை மையைக் கொண்டுவந்தாள். யோசெப் முன்னெச்சரிக்கையாக வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

மணிவாசகம் படத்தின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். மெல்ல, மிக மெல்ல, ஒரு பொட்டு வைத்தார். ஒரு அடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்பத்தான் சரியா இருக்கு," என்றார்.

பொட்டு நடுவில் இல்லை. விழியைத் தாண்டி, ஒரு சாண் தள்ளி, சிவந்த இமையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்புஜம் "என்னங்க..." என்று ஆரம்பித்தாள். அல்போன்சம்மா அவள் கையை மெதுவாகத் தொட்டு நிறுத்தினாள். பிறகு மணிவாசகத்தின் அருகில் போய், அதுவரை புரொபெசர் என்று இருந்தவரை வேறு முறையில் கூப்பிட்டாள்.

"அண்ணை, தெருவிளக்கைச் சுத்தி உங்களுக்கு வளையம் தெரியிறதோ?"

மணிவாசகம் திரும்பினார். விளக்கொளி சிதறுவதற்கு ஒரு நல்ல காரணம் அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பனித்துகள், ஈரப்பதம், கண்ணாடி. வாயைத் திறந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"இவருக்கும் தெரிஞ்சது," என்றாள் அவள். "இவர் அதைக் குளிர் எண்டு சொன்னவர். இவரும் படியைக் காலாலை தேடினவர், கோப்பையை மேசைக்கு வெளியிலை வைச்சவர். நீங்கள் ஏறி வரேக்கையே பாத்தனான்."

"எங்க அப்பாவுக்குப் பார்வை திரும்பவே இல்லம்மா," என்றார் மணிவாசகம். அதை அவர் அம்புஜத்திடம்கூட அந்தக் குரலில் சொன்னதில்லை.

"அது வேறையா இருந்திருக்கும். டொக்டர் பாத்துச் சொல்லட்டும், நீங்களா முடிவு கட்டாதேங்கோ. எனக்கெண்டால் உது பூ மாதிரித்தான் கிடக்கு. பூவெண்டால் எடுத்துப்போடலாம். இஞ்சேருங்கோ, கண்ணைப் பொத்தினது காணும், உங்கடை டொக்டரின்ரை நம்பரை எடுங்கோ," என்று யோசெப்பின் பக்கம் திரும்பினாள்.

யோசெப் கையை எடுத்தார். அம்புஜம் கணவரின் பக்கத்தில் வந்து நின்று, முன்பு திருகிய அதே முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ரெண்டு வருஷமா பெட்ரோல் விலைன்னு சொன்னீங்களே," என்றாள்.

"கல்யாணம்?" என்று அஷ்வத் மெல்லக் கேட்டான். அந்த நேரத்தில் அதைக் கேட்கிறோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"முதல் ஒப்பரேசன், பேந்து கலியாணம்," என்றாள் அல்போன்சம்மா. "மாப்பிள்ளையின்ரை தகப்பன் எங்கடை பிள்ளையை இன்னும் வடிவாப் பாக்கேல்லை. பாத்திட்டுச் சொல்லட்டும்."

அனோஜினி கையில் இருந்த ரோல்ஸைத் தானே கடித்தாள்.

டாக்டர் கண்புரை என்றார், அதாவது அதே பூ. பிப்ரவரியில் முதல் கண்ணுக்கு அறுவை முடிந்து, மணிவாசகம் அதே இரும்புப் படியில் ஏறினார். காலால் தேடவில்லை. தெருவிளக்கு வெறும் விளக்காக, வளையம் இல்லாமல் எரிந்தது. இத்தனை நாள் கூடவே வந்த நெபுலாக்கள் எல்லாம் போய்விட்டனவே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் அனோஜினியைப் பார்த்தார். இடது கன்னத்தில் சின்ன மச்சம், சிரித்தால் அதுவும் மேலே ஏறியது. "அஷ்வத் கெட்டிக்காரன்," என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். அவர் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அல்போன்சம்மா அதைச் சுரண்டவும் இல்லை, சுரண்ட விடவும் இல்லை.

அவர் விரலால் அளந்தார். உதடு அசைந்தது, ஏதோ கணக்குப் போட்டார். அஷ்வத்துக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது.

"ஓர் ஒளியாண்டு," என்றார் மணிவாசகம். "இந்தப் படத்தோட அளவுக்கு, ஓர் ஒளியாண்டு தள்ளி வெச்சிருக்கேன். இவ்வளவு பெரிய தப்பை என் வாழ்க்கையில வேற யாரும் பண்ணிப் பாத்ததில்ல. நீங்க யாருமே அன்னிக்கு ஏன் சொல்லல?"

"ஆர் சொல்லுறது?" என்றார் யோசெப். "திருத்திறதெல்லாம் உங்கடை வேலையெல்லோ."

மணிவாசகம் சிரித்துக்கொண்டே பழைய பொட்டைச் சுரண்டி எடுத்தார். அனோஜினி வெள்ளை மையை நீட்டினாள். யோசெப் முன்போலவே வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். இந்த முறை பொட்டு நட்ட நடுவில் விழுந்தது. படத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் யோசெப்பைத்தான் பார்த்தார்கள்.

"மற்றக் கண்ணைப் பொத்துங்கோ," என்றாள் அல்போன்சம்மா. எதிர்ச்சுவரில் தொங்கிய கோவில் நாட்காட்டியைக் காட்டினாள். அதில் ஜூன் மாதத்துத் தாள் மேலே விரித்துக் குத்தப்பட்டிருந்தது. ஒரு சனிக்கிழமைக் கட்டத்துக்குள் அவள் கையெழுத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு சொல். "வாசியுங்கோ பாப்பம்."

யோசெப் கண்ணைச் சுருக்கினார். விரித்தார். தலையை முன்னால் நீட்டினார். அஷ்வத் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியேல்லையே," என்றார் யோசெப்.

அல்போன்சம்மாவின் முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று.

"தெரியுது, தெரியுது. கலியாணம்," என்றார் அவர். மனைவி வீசிய துண்டு அவர் முகத்தில் போய் விழுந்தது.